பனிநிலத்தின் பழைய படமும் புதிய படமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் கவிதையும் காப்பியமும் பேசப்படுவதே வழக்கம். நானோ முப்பது ஆண்டுக் காலம் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள், அது போதும்" என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டதால் துணிந்து வந்து நிற்கின்றேன். குளிர் நாடுகளில் நிலத்தின் தோற்றம் நெடுங்காலத்தில் எவ்வாறு மாறுகின்றது என்பதைப் பழைய நிழற்படங்களைக் கொண்டு அறியும் முறையே என் பொருள். இலக்கிய அவைக்கு இஃது அயலான பொருளாகத் தோன்றலாம். ஆனால் ஒரே நூலின் இரண்டு ஏட்டுச் சுவடிகளை அருகருகே வைத்துப் பாடபேதம் கண்ட பதிப்பாசிரியர்களின் மரபில் வந்தவர்கள் நாம். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து நிலத்தின் பாடபேதம் காண்பதே இந்த முறை. ஆகவே இப்பொருள் உங்களுக்கு முற்றிலும் அயலானதன்று எனக் கருதுகின்றேன்.

சொல்லும் பொருளும்

பனி என்ற சொல் நமக்குப் பழமையானது. முன்பனி, பின்பனி என இரண்டு பெரும்பொழுதுகளுக்கு அதன் பெயரையே வைத்தோம். ஆனால் நாம் கண்ட பனி, புல்நுனியில் இரவில் இறங்கி, காலைக் கதிரில் மறையும் பனி. மலைப்பள்ளத்தை நிறைத்து, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குக் கட்டியாக இறுகி, தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகரும் பனியை நாம் கண்டதில்லை. அதற்குப் பாடநூலில் பனியாறு என்று பெயர் கொடுத்தோம். ஆறு என்றால் ஓட வேண்டும். பனியாறும் ஓடத்தான் செய்கின்றது. ஒரு நாளில் விரற்கடை அளவே ஓடும் ஆறுகளும் உண்டு, பல மீட்டர் ஓடும் ஆறுகளும் உண்டு. கண்ணுக்கு மட்டும் அது நின்ற கோலமாகவே தெரியும்.

சங்கப் புலவர் ஒருவர் அரசனை இமயத்தைப் போல் நடுக்கமின்றி நிற்குமாறு வாழ்த்தினார். இமயம் நிலைபெற்றது என்ற எண்ணம் அத்துணைப் பழமையானது. மலை நிலைத்தே நிற்கின்றது. மலைமேல் உள்ள பனிதான் நிலைக்கவில்லை. ஒரு மனிதனின் வாழ்நாளில் அம்மாற்றம் நிகழ்ந்தாலும், அன்றாடம் பார்க்கும் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. வீட்டில் வளரும் குழந்தையின் வளர்ச்சி பெற்றோர்க்குத் தெரியாமல், ஆண்டுக்கு ஒருமுறை வரும் மாமனுக்குத் தெரிவது போன்றது இது. குளிர்நிலங்களைப் பொறுத்தவரை அந்த மாமனின் வேலையைச் செய்பவை பழைய நிழற்படங்களே.

ஒரு மாணவனின் கேள்வி

இந்த முறையின் அருமையை நான் நூலிலிருந்து கற்கவில்லை. என் வகுப்பில் எனக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவிலிருந்து கற்றேன். ஆண்டுகள் பல ஆயின. பனியாறுகள் சுருங்குகின்றன என்ற பாடத்தை நடத்துவதற்காகப் பழைய நாட்காட்டியில் வந்த படம் ஒன்றையும், வார இதழில் வந்த படம் ஒன்றையும் வெட்டி எடுத்து, அட்டையில் ஒட்டிக் கொண்டு சென்றேன். இரண்டும் ஒரே பனியாறு என்று அடிக்குறிப்புகள் கூறின. "பாருங்கள், எவ்வளவு உருகிவிட்டது!" என்று பெருமையோடு காட்டினேன்.

கடைசி வரிசையில் இருந்த மாணவன் எழுந்தான். "ஐயா, இரண்டு படமும் ஒரே இடத்தில் நின்று எடுத்ததா? ஒரே மாதத்தில் எடுத்ததா?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்குச் சென்று பார்த்தபோது, முதற்படம் புதுப்பனி மூடிய வசந்த காலத்தது எனவும், இரண்டாவது கோடையின் இறுதியில் எடுத்தது எனவும் விளங்கியது. நின்ற இடமும் வேறு. பனியாறு சுருங்கியது உண்மையாக இருக்கலாம். ஆனால் நான் காட்டிய சான்று சான்றே அன்று. மறுநாள் வகுப்பில் அதனை ஒப்புக்கொண்டேன். அந்த மாணவன் கேட்ட இரண்டு கேள்விகளும்தான் இந்த ஆய்வு முறையின் இரண்டு தூண்கள் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

முறையும் அதன் தொடக்கமும்

மீள்படம் என்று இதனை நாம் அழைக்கலாம். பழைய படம் எடுத்தவர் நின்ற அதே இடத்தைத் தேடிச் சென்று, அவர் கேமரா நோக்கிய அதே திசையில், இயன்றவரை அதே பருவத்தில், அதே பொழுதில் மீண்டும் ஒரு படம் எடுப்பதே மீள்படம். செருமனியின் மியூனிக் நகரில் கணிதப் பேராசிரியராக இருந்த செபாஸ்டியன் பின்ஸ்டர்வால்டர் என்பவர் 1888, 1889ஆம் ஆண்டுகளில் ஆல்ப்ஸ் மலையின் டைரோல் பகுதியில் பனியாறுகளைப் படமெடுத்து அளந்த முயற்சியிலிருந்தே இம்முறையின் வரலாறு தொடங்குவதாகக் கூறுவர். அவர் அளந்தவற்றுள் ஒன்று வெர்னாக்ட் பனியாறு. அது முன்னேறி வந்து பள்ளத்தாக்கை அடைத்து, பின்னே ஏரி தேங்கி, அந்த ஏரி உடைந்து கீழுள்ள ஊர்களை வெள்ளம் கொண்ட நிகழ்ச்சிகள் 1600, 1678, 1845 ஆகிய ஆண்டுகளில் நடந்தவை. பனியாறு எங்கே நிற்கின்றது என்பதை அளப்பது அவ்வூர் மக்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

பழைய இடத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு வேண்டியது பொறுமையும் சிறிது வடிவக் கணிதமும். படத்தில் அருகே ஒரு பாறையும் தொலைவில் ஒரு சிகரமும் இருப்பதாகக் கொள்வோம். பழைய படத்தில் சிகரத்தின் முனை பாறையின் வலது ஓரத்துக்கு நேர்மேலே தெரிகின்றது. நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் முனை வலப்புறம் விலகித் தெரிகின்றது என்றால், நாம் இடப்புறம் நகர வேண்டும். பாறை பின்னால் உள்ளதைப் பழைய படத்தில் மறைத்ததைவிட மிகுதியாக மறைத்தால், நாம் மேலே ஏற வேண்டும். இவ்வாறு அடி அடியாக நகர்ந்து, அருகில் உள்ளவையும் தொலைவில் உள்ளவையும் பழைய படத்தில் இருந்தபடியே ஒன்றுக்கொன்று பொருந்தும் ஒரு புள்ளியை அடைவர். அப்புள்ளி ஒன்றே ஒன்றுதான். அதன்பின் நிழல்களைப் பார்ப்பர். பாறையின் நிழல் விழும் திசையும் நீளமும் மாதத்தையும் மணியையும் சொல்லிவிடும். அந்த நாழிகை வரும்வரை குளிரில் காத்திருப்பர். இறுதியில் அவ்விடத்தில் கற்களை அடுக்கி அடையாளம் வைத்து, எதிர்காலத்தில் வருபவருக்காகக் குறிப்பெழுதி வைப்பர்.

சில வேளைகளில் அப்புள்ளி கிடைத்தும் பயனில்லை. பழைய கேமரா பனியாற்றின் மேற்பரப்பிலேயே நின்றிருந்தால், பனி உருகித் தாழ்ந்த பிறகு அந்த இடம் இன்று வெறும் வானத்தில் இருக்கும். நிற்பதற்கு அங்கே நிலமில்லை. ஆய்வாளருக்கு அது தோல்வி. ஆயினும் அதுவே ஒரு செய்தி.

ம்யூர் பனியாறு

இம்முறை தந்த படங்களுள் உலகம் நன்கறிந்தவை அலாஸ்காவின் பனியாற்று விரிகுடாவில் எடுக்கப்பட்டவை. அங்குள்ள ம்யூர் பனியாற்றை வில்லியம் பீல்டு என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் படமெடுத்தார். 1926ஆம் ஆண்டிலிருந்தே அவ்விரிகுடாவுக்குச் சென்றுவந்தவர் அவர். தாம் நின்ற இடங்களைக் குறித்து வைத்து, மீண்டும் மீண்டும் அதே இடங்களுக்குச் செல்வதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்தார். 1950ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவரே மீண்டும் அங்கே நின்றார். பனியாற்றின் முனை 3 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் புரூஸ் மோல்னியா அதே இடத்தில் நின்றார். அவர் கண்முன் பனியாறே இல்லை. 1941ஆம் ஆண்டிலிருந்து அது 12 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிக் காட்சியிலிருந்தே மறைந்திருந்தது. பனியின் தடிப்பு 800 மீட்டருக்கு மேல் குறைந்திருந்தது. முன்பு பனிவெளியாக இருந்த இடத்தில் கடல்நீர் நின்றது. வெறும் கல்லாக இருந்த சரிவுகளில் பசுமை படர்ந்திருந்தது.

முதற்படத்தையும் மூன்றாம் படத்தையும் அருகருகே பார்க்கும் எவரும் ஒரு கணம் பேச்சற்றுப் போவர். ஆனால் அந்தப் பேச்சின்மையிலிருந்து உடனே முடிவுக்குத் தாவக் கூடாது என்பதைச் சொல்லவே இதனை எடுத்துக்கொண்டேன். அவ்விரிகுடாவின் பனி பின்வாங்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில் அன்று. 1794ஆம் ஆண்டு ஜார்ஜ் வான்கூவரின் கப்பல்கள் அப்பக்கம் சென்றபோது விரிகுடாவின் பெரும்பகுதி பனியாகவே இருந்தது. 1879ஆம் ஆண்டு ஜான் ம்யூர் என்ற இயற்கை அறிஞர் சென்றபோது அது பல பத்து கிலோமீட்டர் உள்வாங்கியிருந்தது. அதற்கும் முந்தைய காலத்தில் முன்னேறிய பனி தங்கள் ஊர்களை அழித்துத் தங்களை வெளியேற்றியதை ஹூனா திலிங்கித் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாய்மொழிக் கதையாகக் கூறிவருகின்றனர். கடலில் முடியும் பனியாறுகளுக்கென்று தனி இயல்பும் உண்டு. முனை ஒருமுறை ஆழமான நீருக்குள் பின்வாங்கிவிட்டால், வெப்பநிலை கூடாவிடினும் பனி உடைந்து விழுவது தொடரும். ஆகவே ம்யூர் பனியாற்றின் படங்கள் நடந்தது என்ன என்பதை ஐயமின்றிக் காட்டுகின்றன. ஏன் நடந்தது என்பதற்கு வெப்பநிலைப் பதிவுகளையும், கடலின் ஆழத்தையும், உலகெங்குமுள்ள ஏனைய பனியாறுகளின் போக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு சேர்த்துப் பார்த்தே, அண்மைப் பத்தாண்டுகளின் உருக்கத்தில் மனிதச் செயலின் பங்கு பெரிது என்று அறிவியலார் முடிவு செய்துள்ளனர். ஒற்றைப் படத்தைக் காட்டி அந்த முடிவை எட்டவில்லை.

புதர்கள் சொன்ன செய்தி

பனியாற்றின் மாற்றம் பெரிது, கண்ணைக் கவர்வது. கண்ணைக் கவராத மாற்றத்தையும் இம்முறை பிடித்துத் தந்துள்ளது. அலாஸ்காவின் வடபகுதி தூந்திர நிலம். மரமில்லை. நிலத்தடியில் மண் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும். 1940களின் இறுதியில் அங்கே எண்ணெய் வளம் தேடுவதற்காக அமெரிக்கக் கடற்படை வானூர்திகளிலிருந்து ஆயிரக்கணக்கான படங்களை எடுத்தது. பெரிய அளவு படச்சுருளில் எடுத்தவையாதலால் ஒவ்வொரு புதரும் அவற்றில் தனித்தனியே தெரிந்தது. புதர்களைப் படமெடுக்க வேண்டும் என்று எவரும் அன்று நினைக்கவில்லை. எண்ணெய் தேடியவர்களின் படத்தில் புதர்கள் தாமாக வந்து நின்றன.

ஐம்பது ஆண்டுகள் கழித்து மேத்யூ ஸ்டர்ம், சார்லஸ் ராசின், கென்னத் டேப் ஆகிய மூவரும் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு ஹெலிகாப்டரில் அதே இடங்களுக்குச் சென்று மீள்படம் எடுத்தனர். 66 இணைப் படங்களை ஒப்பிட்டு 2001ஆம் ஆண்டு நேச்சர் இதழில் தங்கள் முடிவை வெளியிட்டனர். 36 இணைகளில் ஆல்டர், வில்லோ போன்ற புதர்கள் உயர்ந்தும், இடைவெளிகளை நிரப்பியும், முன்பு இல்லாத இடங்களில் புதிதாகப் பரவியும் இருந்தன. எஞ்சிய 30 இணைகளில் கண்டறியத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அந்த முப்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. இதனை நான் அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். மாறிய முப்பத்தாறை மட்டும் அச்சிட்டிருந்தால் கட்டுரை இன்னும் பரபரப்பாக இருந்திருக்கும், ஆனால் நம்பத்தக்கதாக இருந்திராது.

புதர் வளர்ந்தால் என்ன என்று கேட்கலாம். புதர், காற்றில் பறக்கும் பனித்தூளைத் தடுத்துத் தன் அடியில் சேர்த்துக்கொள்கின்றது. அப்பனி கம்பளி போல் மண்ணைப் போர்த்துகின்றது. குளிர்காலத்திலும் மண் சற்றுக் கதகதப்பாக இருப்பதால் நுண்ணுயிர்கள் உழைத்து ஊட்டச்சத்தை விடுவிக்கின்றன. அடுத்த கோடையில் அச்சத்தை உண்டு புதர் மேலும் வளர்கின்றது. பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கரிய கிளைகள் வசந்த காலத்தில் வெயிலை உள்வாங்கிப் பனியை விரைந்து உருக்குகின்றன. ஒரு மாற்றம் தனக்குத் துணையான மற்றொரு மாற்றத்தைத் தானே பெற்றெடுக்கின்றது. புதர் உயர்ந்த ஆற்றங்கரைகளுக்கு மூஸ் என்னும் பெருமான் வந்து சேர்ந்ததையும், அண்மைக் காலத்தில் நீர்நாய் இனத்தை ஒத்த தோற்றமுடைய பீவர்கள் வந்து அணைகட்டத் தொடங்கியதையும் கென்னத் டேப்பும் பிறரும் பின்னர் ஆராய்ந்து எழுதினர்.

காடு அடர்ந்த கதை

மாற்றம் என்றாலே வெப்பத்தின் வேலை என்று கருதிவிட வேண்டாம். கனடாவின் ராக்கி மலைகளில் நில அளவையாளர்கள் 1880களிலிருந்தே கேமராவைக் கொண்டு வரைபடம் தயாரித்தனர். மலையுச்சியில் ஏறி, சுற்றிலும் படமெடுத்து, அப்படங்களிலிருந்து உயரங்களைக் கணக்கிட்டனர். எம். பி. பிரிட்ஜ்லாண்டு என்ற அளவையாளர் 1915ஆம் ஆண்டு கோடையில் ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் 92 இடங்களிலிருந்து 735 படங்கள் எடுத்தார். வரைபடத்துக்காக எடுத்தவையாதலால் எந்த இடத்தில், எந்தத் திசையில் எடுத்தவை என்பது ஒன்றுவிடாமல் பதிவாகியிருந்தது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் ஜெனீன் ரெம்துல்லா, எரிக் ஹிக்ஸ் ஆகியோர் அந்த இடங்களுக்கெல்லாம் ஏறி மீள்படம் எடுத்தனர்.

அவர்கள் கண்டது பலரும் எதிர்பாராதது. 1915ஆம் ஆண்டுப் படங்களில் பள்ளத்தாக்கெங்கும் புல்வெளியும், இளமரத் தோப்பும், அடர்காடும் கலந்து கிடந்தன. புதிய படங்களில் ஊசியிலைக் காடு ஒரே போர்வையாக மூடியிருந்தது. காடு அழிவதே கேடு என்று கற்ற நமக்கு இது நற்செய்தியாகத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. முன்னாளில் பழங்குடி மக்களும் மெத்தி இனத்தவரும் சிறு தீ வைத்துப் புல்வெளிகளைப் பேணிவந்தனர். மின்னலாலும் தீ மூளும். 1907ஆம் ஆண்டு பூங்கா உருவான பின் அம்மக்கள் வெளியேற்றப்பட்டனர். தீ எங்கு மூண்டாலும் அணைப்பது கொள்கையாயிற்று. அதன் விளைவு அடர்ந்த காடாக நின்றது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் ஜாஸ்பர் ஊருக்குள் பெருந்தீ புகுந்து 358 கட்டடங்களை அழித்தது. வெப்பம், வறட்சி, வண்டு அரித்து மடிந்த பைன் மரங்கள், தீயின்றி அடர்ந்த காடு எனக் காரணங்கள் பல. அவற்றுள் கடைசிக் காரணத்தைக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இரண்டு படங்கள் அருகருகே நின்று சொல்லியிருந்தன.

இமயத்தில்

இனி இமயத்துக்கு வருவோம். 1921ஆம் ஆண்டு எவரெஸ்டுக்கு வழிதேடிச் சென்ற முதற் குழுவில் ஜார்ஜ் மலோரி இருந்தார். அவர் கேமராவில் கண்ணாடித் தகடுகளை முன்பின்னாக மாற்றி வைத்துவிட்டதால் பல நாள் எடுத்த படங்கள் வீணாயின. செய்தி அறிந்ததும், ஏறிய இடங்களுக்கு மீண்டும் ஏறிப் படமெடுத்தார். ஒரு பிழையைத் திருத்த மறுபடியும் மலையேறிய அந்த மனிதர் 1924ஆம் ஆண்டு எவரெஸ்டிலேயே மறைந்தார். அப்பயணத்தில் அவர் எடுத்த ரோங்பக் பனியாற்றின் படத்தை வைத்துக்கொண்டு, 2007ஆம் ஆண்டு டேவிட் பிரெஷியர்ஸ் அதே முகட்டில் நின்று மீள்படம் எடுத்தார். பனியின் மேற்பரப்பு ஏறத்தாழ 100 மீட்டர் தாழ்ந்திருந்தது. வெண்கூம்புகள் கடலலை போல் எழுந்து நின்ற இடத்தில் கல்லும் மண்ணும் தெரிந்தன.

எவரெஸ்டின் தென்புறத்தில் உள்ள கும்பு பகுதியில் 1950களில் பிரிட்ஸ் முல்லர், எர்வின் ஷ்னைடர் என்ற ஆய்வாளர்கள் எடுத்த படங்களை அதே ஆண்டு ஆல்டன் பையர்ஸ் மீள எடுத்தார். முன்பு சில குட்டைகள் மட்டுமே இருந்த இம்ஜா பனியாற்றின் மேல் ஒரு பெரிய ஏரி உருவாகியிருந்தது. கரையாக நிற்பது கல்லும் பனியும் கலந்த மேடு. அது உடைந்தால் கீழே உள்ள ஊர்களின் கதி என்ன? அந்த அச்சத்தின் காரணமாக 2016ஆம் ஆண்டு நேபாள இராணுவத்தினர் வாய்க்கால் வெட்டி ஏரியின் நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்கு மேல் குறைத்தனர்.

அதே பையர்ஸ் 1980களில் அப்பகுதியில் மற்றோர் ஒப்பீட்டையும் செய்திருந்தார். நேபாள மலைக் காடுகளை மலைவாழ் மக்கள் வெட்டித் தீர்த்துவிட்டனர் என்பது அன்று உலகெங்கும் பரவியிருந்த நம்பிக்கை. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டபோது, நாம்சே ஊரைச் சுற்றிய காடுகள் பெரும்பாலும் முன்போலவே நின்றன. குறைந்திருந்தவை அவற்றுக்கும் மேலே, உயர்மலைச் சரிவுகளில் விறகுக்காக வெட்டப்பட்ட சிறு சூனிப்பர்ப் புதர்கள். எங்கே காயம் இல்லையோ அங்கே மருந்து தடவிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் படம் காட்டியது. குற்றம் சுமத்தப்பட்ட ஷெர்பா மக்களுக்கு அந்தப் பழைய படங்களே சாட்சி சொல்ல வந்தன.

இமயத்துக்கு மேற்கே காரகோரத்தில் கதை வேறு. அங்கே பல பனியாறுகள் சென்ற நூற்றாண்டின் இறுதியில் நிலைத்து நின்றன, சில முன்னேறவும் செய்தன. கென்னத் ஹெவிட் என்ற ஆய்வாளர் 2005ஆம் ஆண்டு இதனைக் காரகோர முரண் என்று பெயரிட்டு எழுதினார். விட்டோரியோ செல்லா 1909ஆம் ஆண்டு பால்டோரோ பனியாற்றில் எடுத்த படங்களோடு ஒப்பிட, நூறு ஆண்டுகள் கழித்து 2009ஆம் ஆண்டு எடுத்த படங்களும் அங்கே வியப்பூட்டும் அளவுக்குச் சிறு மாற்றத்தையே காட்டின. மாறாததையும் மாறவில்லை என்று சொல்லும் நேர்மை இருப்பதால்தான், மாறியது என்று சொல்லும்போது இம்முறையை நம்புகின்றோம்.

மறந்துபோன தகடுகள்

இவ்வளவுக்கும் அடிப்படை, பழைய படங்களை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்ததே. கிரீன்லாந்தில் 1932, 1933ஆம் ஆண்டுகளில் நட் ராஸ்முசனின் ஏழாம் தூலே ஆய்வுப் பயணத்தின்போது வானூர்தியிலிருந்து கடற்கரையைப் படமெடுத்தனர். வரைபடம் தயாரித்து முடித்தபின் அவை டென்மார்க்கின் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தன. அவற்றை மீண்டும் கண்டெடுத்து, ஆண்டர்ஸ் பியோர்க்கும் உடன் ஆய்ந்தோரும் பிற்காலப் படங்களோடு ஒப்பிட்டு, தென்கிழக்குக் கிரீன்லாந்தின் 132 பனியாறுகளைப் பற்றி 2012ஆம் ஆண்டு எழுதினர். 1930களின் வெப்பக் காலத்தில் பனியாறுகள் விரைந்து பின்வாங்கின. பின்வந்த குளிர்ந்த பத்தாண்டுகளில் பல மீண்டும் முன்னேறின. 2000க்குப் பின் மறுபடியும் விரைந்து பின்வாங்கின. 1933ஆம் ஆண்டையும் 2010ஆம் ஆண்டையும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் இடையில் நிகழ்ந்த முன்னேற்றம் தெரிந்தே இராது. இரண்டு படங்களுக்கு இடைப்பட்ட காலம் ஊமை என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது. ஆதலால்தான் மூன்றாம் படமும் நான்காம் படமும் தேவைப்படுகின்றன. சில ஆண்டுக் குளிரும் வெப்பமும் பனியாற்றை எவ்வளவு விரைவில் அசைக்க வல்லன என்பதையும் அத்தகடுகளே எச்சரித்தன.

எங்கள் ஊரில் பழைய நிழற்பட நிலையம் ஒன்று மூடப்பட்டபோது, அங்கிருந்த கண்ணாடித் தகடுகளைச் சுடுநீரில் கழுவி, சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். இளைஞனாக நின்று நானும் வேடிக்கை பார்த்தேன். எத்தனை தெருக்கள், எத்தனை குளங்கள், எத்தனை முகங்கள் அந்த வாளியில் கரைந்தன என்று இன்று எண்ணி வருந்துகின்றேன். அன்று தடுக்கும் அறிவு எனக்கு இல்லை.

நிறைவாக

பெரியோர்களே, பீல்டுக்கும் பிரிட்ஜ்லாண்டுக்கும் பின்னாளில் தங்கள் படங்கள் எந்தக் கேள்விக்கு விடையாகும் என்பது தெரியாது. அவர்கள் செய்தது ஒன்றே. நின்ற இடத்தையும் நாளையும் எழுதி வைத்தார்கள். பின்வந்தோர் செய்ததும் ஒன்றே. தமக்கு அழகாகத் தோன்றும் இடத்தில் நிற்காமல், முன்னவர் நின்ற இடத்தில் அடக்கத்தோடு நின்றார்கள். இவ்விரண்டும் கூடிய இடத்தில்தான் படம் சாட்சியாகின்றது. இல்லையேல் அது நான் வகுப்பில் காட்டிய அட்டையாகவே முடியும்.

இந்த மலருக்காக நம் வட்டத்தின் பழைய குழுப்படம் ஒன்றைச் செயலாளர் சென்ற வாரம் கொண்டுவந்தார். பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் எடுத்தது. எந்த ஆண்டு என்று கேட்டபோது ஆளுக்கோர் ஆண்டு சொன்னோம். இன்று நம்மோடு இல்லாத நம் முதல் தலைவர் அதில் நடுவே அமர்ந்திருக்கின்றார். அது அவர் தலைமை ஏற்ற கூட்டமா, அல்லது அவர் கலந்துகொண்ட இறுதிக் கூட்டமா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது. பத்தே ஆண்டுகளுக்குள், நாமே அமர்ந்திருந்த படத்துக்கு நாமே சாட்சி சொல்ல இயலாமற் போயிற்று.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றேன். இவ்விழா முடிந்ததும் அதே வேப்பமரத்தடியில், அந்தப் பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படமெடுத்தவர் அன்று நின்ற இடத்தைத் தேடி, அங்கிருந்தே இன்றைய படத்தை எடுப்போம். அதன் பின்புறத்தில் நாளும், மணியும், நின்ற இடமும், இருந்தோர் பெயரும் எழுதுவோம். இருபதாம் ஆண்டு விழாவில் யாரோ ஒருவர் அதனைத் தேடி எடுப்பார். அவர் என்ன கேள்வி கேட்பார் என்று நமக்குத் தெரியாது. விடை மட்டும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.